மூக்கு குத்தப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ஊர்ல ஆசாரி தங்கக் கம்பியால குத்தி, மஞ்சளும் தேங்காயெண்ணெயும் தடவி அனுப்பிடுவார். இங்கே ஆக்லாந்து கவுன்சிலின் 2013 சுகாதார விதிப்படி, தோலைத் துளைக்கிற கடைக்கு லைசென்ஸ் வேணும். இருக்கான்னு கேட்டுட்டு உட்காருங்க மக்கா. துப்பாக்கி மாதிரி கருவியா? வேணவே வேணாம். புது ஊசிப் பாக்கெட்டைக் கண் முன்னாடியே பிரிக்கச் சொல்லுங்க.

அப்புறம் தினம் ரெண்டு வேளை 0.9% உப்புநீர் போதும். மஞ்சள், எண்ணெய் கூடாது. திருகவும் கூடாது. முழுசா ஆற மாசக்கணக்காகும்.

என் ரூம்மேட்டுக்கு சீழ் வெச்சிடுச்சு. "கழட்டி எறிடி"ன்னு ஃபோன்ல அவங்கம்மா. கழட்டினா ஓட்டை மூடி, சீழ் உள்ளேயே தங்கிடலாம். அவ கழட்டாம டாக்டர்கிட்ட ஓடினா. இப்போ மூக்குத்தி சும்மா ஜொலிக்குது :-)