அழகிய பழைய மடிக்கணினியும் வாங்குவோர் உரிமையும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களின் கணினிக் கடை வீதிகளிலும், இணைய விற்பனைத் தளங்களிலும் நாள்தோறும் கைமாறுகின்ற பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை, புதியதை வாங்க வசதியற்ற மாணவரும் சிறு தொழில் புரிவோரும் தேவையின் காரணமாக நாடுபவையே எனினும், அண்மைக் காலத்தில் இவற்றுக்கு இடையே வேறொரு ரகமும் தனி மதிப்புப் பெற்று வருகின்றது. உருண்டை வடிவம், ஒளி ஊடுருவும் வண்ண மேனி, விரியும் விசைப்பலகை, கைப்பிடி என்று ஏதேனும் ஒரு விசித்திரத்தால் கண்ணைக் கவர்கின்ற பழைய கருவிகளுக்கு, அவற்றின் வேலைத் திறனுக்குச் சற்றும் பொருந்தாத விலை கூறப்படுகிறது. அந்த விலையைக் கொடுப்பதற்கும் ஆள் இருக்கிறது.

உருவத்தின் வசீகரம் உழைப்பையும் உபயோகத்தையும் விஞ்சத்தக்கதா என்று கேட்டால், வாங்குகிறவர் எந்த நோக்கத்துக்காக வாங்குகிறார் என்பதைப் பொறுத்தே விடை அமையும் என்பது எல்லோரும் சொல்லக்கூடியது. ஆனால் பலரும் அறியாத விஷயம் ஒன்று உண்டு: பண்டம் பழுதாகி வழக்கு என்று வந்தால், நியாயம் யார் பக்கம் என்பதைத் தீர்மானிப்பதிலும் அதே நோக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகையால், வாங்குமுன் நோக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்வது ரசனையைப் பற்றிய காரியம் மட்டுமன்று. சட்டப் பாதுகாப்பைப் பற்றிய காரியமுமாகும்.

விசித்திரத்துக்குக் காரணம் உண்டா?

1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் நியூயார்க் நகரில் ஸ்டீவ் ஜாப்ஸ் அறிமுகப்படுத்திய ஆப்பிள் ஐபுக், சிப்பி போன்ற வளைந்த உருவமும், ஆரஞ்சு அல்லது நீல நிற மேனியும், தூக்கிச் செல்லக் கைப்பிடியும் கொண்டு, கறுப்பும் சாம்பலுமாகக் கிடந்த மடிக்கணினி உலகில் ஒரு பரபரப்பை உண்டாக்கியது. ஏறத்தாழ மூன்று கிலோ எடையுள்ள அதன் பாலிகார்பனேட் கூடு மிக உறுதியானது. கம்பியில்லா இணைய வசதியைச் சாமான்யருக்கு அறிமுகம் செய்த பெருமையும் அதற்கு உண்டு. எனினும் அதன் உள்ளே இருந்தவை 300 மெகாஹெர்ட்ஸ் செயலியும், 32 எம்.பி. நினைவகமும், 3.2 ஜி.பி. வட்டுமே; அந்த வட்டை மாற்றவேண்டுமானால் கருவி முழுவதையும் கழற்றித் திருகாணிகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்றைய இணையத்தளங்கள் கேட்கின்ற பாதுகாப்பு முறைகளை அதன் பழைய உலாவிகள் அறியா. கூடு இன்னும் உழைக்கின்றது; கணினியின் உபயோகமோ என்றோ முடிந்துவிட்டது. உழைப்பும் உபயோகமும் ஒன்றல்ல என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

1995இல் ஐ.பி.எம். வெளியிட்ட திங்க்பேட் 701 வேறு வகை. மூடியைத் திறந்ததும் இரண்டு துண்டுகளாக இருந்த விசைப்பலகை நகர்ந்து இணைந்து, பெட்டியின் அகலத்துக்கு அப்பாலும் சிறகு விரிப்பதுபோல் நீள்கின்ற அமைப்பை ஜான் கரிடிஸ் என்ற பொறியாளர் உருவாக்கினார். நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தின் சேகரிப்பில் அது இடம்பெற்றது. சிறிய திரையுள்ள சிறிய பெட்டியில் முழு அளவு விசைப்பலகையை எப்படி அடக்குவது என்ற உண்மையான கஷ்டத்துக்குக் கண்ட பரிகாரமே அந்த விசித்திரம். பின்னர்த் திரைகள் அகன்றபோது அந்தக் கஷ்டமும் நீங்கியது. பரிகாரமும் தேவையற்றுப் போயிற்று. இன்று அதனை வாங்குகிறவர், காலப்போக்கில் பிசுபிசுத்துப் போகின்ற அதன் ரப்பர் மேற்பூச்சையும் சேர்த்தே வாங்குகிறார்.

2007ஆம் ஆண்டில், வளரும் நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவான எக்ஸ்.ஓ. என்ற பச்சையும் வெள்ளையுமான சிறு கணினியைப் பார்த்தவர்கள், அதன் முயல் காதுகளைக் கண்டு அதனை விளையாட்டுப் பொம்மை என்று எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் அந்தக் காதுகள் அலைவாங்கிகளாகப் பணிபுரிந்ததோடு, மடக்கியபோது இணைப்புத் துளைகளைப் புழுதியிலிருந்து மூடிக் காத்தன. விசைப்பலகை நீரும் தூசியும் புகாத ஒரே ரப்பர்ப் படலம். திரையோ நண்பகல் வெயிலிலும் படிக்கத்தக்கது. இதற்கு மாறாக, 2009இல் வந்த சோனி வையோ பி, எட்டு அங்குலத் திரையை நீண்டொடுங்கிய பட்டையாக்கி, சுமார் 600 கிராம் எடையில் காண்பவரை மயக்கிற்று. அத்திரையில் எழுத்துக்கள் கண்ணை வருத்தும் அளவுக்குச் சிறுத்தன. நினைவகத்தைக் கூட்டவும் வழியில்லை. அன்றைய விண்டோஸ் விஸ்டாவைச் சுமக்க அதன் செயலி திணறியது.

இவற்றிலிருந்து வாங்குவோர் கைக்கொள்ளத்தக்க விதி எளியது. விசித்திரமான ஒவ்வொரு அம்சத்தையும் பார்த்து, இது இன்றும் எனக்கு எந்த வேலையைச் செய்து தருகிறது என்றும், இது உடைந்தால் மாற்று உறுப்புக் கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை இல்லையெனில், அதற்கெனக் கொடுக்கும் தொகை ஆபரணத்துக்குக் கொடுக்கும் தொகையே. அதைக் கொடுப்பது தவறன்று. அறியாமல் கொடுப்பதுதான் தவறு.

அபாயங்கள்

முதல் அபாயம் பாட்டரி. லித்தியம் அயான் பாட்டரி, உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். ஆகவே பெட்டி பிரிக்கப்படாத பழைய சரக்கு என்று கூறப்படுவது அதற்கு ஒரு சிறப்பாகாது. தொடுபலகை மேலெழும்பியிருந்தாலும், அடிப்பாகம் மேசையில் சமமாக அமராமல் ஆடினாலும், உள்ளே பாட்டரி உப்பியிருக்கின்றது என்று சந்தேகிக்க வேண்டும். அத்தகையதை அழுத்துவதோ, துளைப்பதோ, தொடர்ந்து சார்ஜ் செய்வதோ தீ விபத்தை அழைப்பதாகும். அபூர்வ வடிவமுள்ள கருவிகளுக்கு அசல் பாட்டரி கிடைப்பது அரிதாகையால், பெயரில்லாத போலிகளே அவற்றுக்கு அதிகம் விற்கப்படுகின்றன. சார்ஜரும் அவ்வாறே: இந்தியச் சந்தையில் விற்கப்படும் மடிக்கணினி அடாப்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயமாகும்; ஐ.எஸ். என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணும் அதன்மேல் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்தல் நலம்.

இரண்டாவது அபாயம் பூட்டு. நிறுவனங்கள் கழித்துவிட்ட கருவிகளில், கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸின் கடவுச்சொல்லோ, நிறுவன நிர்வாகப் பூட்டோ, முந்தைய உரிமையாளரின் கணக்குப் பூட்டோ நீக்கப்படாமல் எஞ்சியிருப்பது உண்டு. கடையில் ஒழுங்காக இயங்கிய கணினி, மென்பொருளைப் புதிதாக ஏற்றியதும் பழைய நிறுவனத்தின் பெயரைக் காட்டி நின்றுவிடும். இதைவிடக் கடுமையானது திருட்டுப் பொருள். திருடியது என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ, நேர்மையற்ற முறையில் ஒரு பொருளைப் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதையின் 317ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். ரசீதில்லாமல் நம்பமுடியாத விலைக்குக் கிடைக்கும் கணினி அந்தச் சந்தேகத்துக்கு இடமளிக்கும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத மூப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11ஓ, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பையும், இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கின்றது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது அறிவுடைமையாகாது. அத்தகைய கருவிக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றை ஏற்றி எழுதவும் படிக்கவும் உபயோகிக்கலாம் என்பது உண்மையே; ஆனால் வாங்குபவருக்கு வேண்டிய மென்பொருள் அதில் ஓடுமா என்பதை முன்னரே நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு இவ்விஷயத்தில் கூர்ந்து படிக்கத்தக்கது. இன்ன வேலைக்காக வாங்குகிறேன் என்று வாங்குவோர் தெரிவித்து, அத்தகைய சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்ட வியாபாரியின் திறமையை நம்பி வாங்கினால், அந்த வேலைக்குச் சரக்கு நியாயமான அளவுக்குப் பொருத்தமாயிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியதாகக் கருதப்படும். ஆனால் அதே பிரிவு விலக்குகளையும் சொல்கின்றது. ஒரு குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லியே கேட்டு வாங்கினால், குறிப்பிட்ட வேலைக்குப் பொருந்தும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. சரக்கை வாங்குமுன் வாங்குபவரே சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் புலப்பட்டிருக்க வேண்டிய குறைகளைப் பிறகு காரணம் காட்ட முடியாது. போதாக்குறைக்கு, இத்தகைய நிபந்தனைகளை வெளிப்படையான உடன்பாட்டால் விலக்கிக்கொள்ள 62ஆம் பிரிவு இடந்தருகின்றது. ‘இருக்கிறபடியே விற்பனை’ என்று ரசீதின் அடியில் பொடி எழுத்தில் அச்சிடுவதன் சூட்சுமம் இதுவே.

அழகில் மயங்குபவர் இந்த மூன்று விலக்குகளிலும் தாமே போய் விழுகிறார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் பெயரைச் சொல்லி அந்த ஒரே கருவியைக் கேட்கிறார்; மேனியைத் தடவிப் பார்த்துவிட்டுக் கீலின் விரிசலைக் காணாமல் விடுகிறார்; கைவிட்டுப் போய்விடுமோ என்ற அவசரத்தில் ரசீதைப் படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்.

ஆயினும் அவர் முற்றும் கதியற்றவரல்லர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழையதையோ புதுப்பிக்கப்பட்டதையோ புதியதென்று பொய்யாகக் கூறி விற்பதும், முறைப்படி ரசீது தராமலிருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைகளாகும். குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், அவ்வாறு காலம் ஒன்றும் குறிக்கப்படாவிடில் முப்பது நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அவ்வாறே. மறுவிற்பனைக்கோ வாணிப நோக்கத்துக்கோ வாங்குபவருக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து ஜீவனம் நடத்துவதற்காக வாங்கியவர் நுகர்வோரே ஆவார். விற்றவர் வியாபாரியாக இல்லாமல், தம் சொந்தக் கணினியை விற்ற தனி மனிதராயிருந்தால், நுகர்வோர் ஆணையத்தை நாடுவது கடினம். உரிமையியல் நீதிமன்றமும், மோசடியானால் காவல் நிலையமுமே புகலிடம்.

முன்னெச்சரிக்கை

‘டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் சார்’ என்று கடைக்காரர் சொல்வாரானால், அந்தச் சோதனையை அங்கேயே முழுமையாகச் செய்துவிடுவதே புத்திசாலித்தனம். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரமாவது பாட்டரியில் ஓடவிட வேண்டும். ஒவ்வொரு விசையையும், ஒவ்வொரு துளையையும், கீல், காமிரா, ஒலிபெருக்கி, வைஃபை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். முழுதும் அணைத்து மீண்டும் இயக்கிப் பயாஸுக்குள் தடையின்றிப் போக முடிகிறதா என்றும், பழைய கணக்குகள் நீக்கப்பட்டனவா என்றும் உறுதி செய்ய வேண்டும்.

பின்னர் ரசீதில், மாடல் பெயர், வரிசை எண், பழையது அல்லது புதுப்பிக்கப்பட்டது என்ற குறிப்பு, உத்தரவாதக் காலம், திருப்பித் தரும் நிபந்தனை ஆகியவற்றோடு, எந்த வேலைக்காக வாங்கப்படுகிறது என்பதையும் ஒரு வரி எழுதித் தரக் கேட்க வேண்டும். கல்லூரிப் படிப்புக்கும் காணொளி வகுப்புக்கும் என்ற ஒரு வரியை எழுத வியாபாரி மறுப்பாரானால், அந்தக் கருவியின் உபயோகத்தைப் பற்றி அவருக்கே உள்ள அபிப்பிராயம் அம்மறுப்பில் விளங்கிவிடும்.

பரிகாரம்

குறை தென்பட்டதும் முதற்கண் விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, படங்களையும் கடிதப் போக்குவரத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். மின்வணிக நிறுவனங்கள், 2020ஆம் ஆண்டின் விதிகளின்படி, குறைதீர்ப்பு அலுவலரை நியமித்து, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவை. அதில் பயனில்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். பல பிணக்குகள் அந்தக் கட்டத்திலேயே தீர்வதுண்டு.

தீராதவற்றுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் தாம் வசிக்கும் அல்லது பணிபுரியும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. பழுது நீக்கம், மாற்றுப் பொருள், பணம் திரும்பப் பெறுதல், நஷ்ட ஈடு ஆகியவற்றை ஆணையம் வழங்கலாம். சோதனைச்சாலைப் பரிசோதனை தேவைப்படாத புகார்களை மூன்று மாதங்களிலும், தேவைப்படுபவற்றை ஐந்து மாதங்களிலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் தாமதம் நேர்வதுண்டு.

முற்றும் ஓய்ந்துவிட்ட கருவியைக் குப்பையிலோ, கம்பியை எரித்துச் செம்பெடுப்பவரிடமோ சேர்க்காமல், 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்கீழ்ப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கோ, உற்பத்தியாளரின் சேகரிப்பு ஏற்பாட்டுக்கோ அளிப்பது நம் கடமை. அதற்கு முன் வட்டிலுள்ள செய்திகளை மீட்கமுடியாதபடி அழித்துவிட வேண்டும். கோப்புகளைக் குப்பைத்தொட்டிக் குறியில் இடுவது அழித்தலாகாது.

அலமாரியில் வைத்து அழகு பார்க்க விரும்புகிறவர், கழற்றக்கூடிய பாட்டரியைக் கழற்றிவிட்டு, கண்ணாரக் கண்டு மகிழலாம். அந்த மகிழ்ச்சிக்கு எவ்வளவு தரலாம் என்பது அவரவர் மனமும் மடியும் அறிந்தது. படிப்புக்கும் பிழைப்புக்கும் வாங்குகிறவரோ, அதே சந்தையில் அதே வேலையைச் செய்யும், உறுதியும் மாற்று உறுப்பும் உள்ள சாதாரணக் கறுப்புக் கணினி என்ன விலை என்று முதலில் விசாரித்து, அதற்கு மேல் கேட்கப்படும் ஒவ்வொரு ரூபாயையும் ஆபரணச் செலவாகத் தனியே கணக்கிட வேண்டும். அந்தச் செலவுக்குச் சட்டம் பொறுப்பேற்பதில்லை. மீதித் தொகைக்குப் பொறுப்பேற்கச் செய்வது ரசீதில் எழுதிக் கேட்கும் அந்த ஒரு வரியே.