மிரட்டுபவரும் கைதியாக இருக்கலாம்!

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்களே, அவர்களில் பலர் கம்போடியா, மியான்மரில் இருந்து பேசுகிறார்கள். கொடுமை என்னவென்றால், அப்படிப் பேசுபவர்களில் பலர் அங்கே அடைத்து வைக்கப்பட்டவர்கள்!

'தாய்லாந்தில் ஐ.டி. வேலை' என்று நம்பிப் போனவர்களை, மோய் ஆற்றைத் தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதிக்குக் கடத்துகிறார்கள். பாஸ்போர்ட் பறிபோகும். மோசடி செய்ய மறுத்தால் அடி, உதை. 2022-ல் தமிழக இளைஞர்களும் இப்படிச் சிக்கி மீட்கப்பட்டார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் சிக்கியிருக்கலாம் என்றது, 2023-ல் வெளியான ஐ.நா. அறிக்கை.

போலீஸ் பிடிக்காதா? ஏமாந்தவர் ஒரு நாட்டில், ஏமாற்றியவர் இன்னொரு நாட்டில், பணமோ கிரிப்டோவாக மாறி வேறெங்கோ! மியாவாடி பகுதியில் ஆயுதக் குழுக்கள் வைத்ததே சட்டம். அதனால் எந்த நாடும் தனியாக இதை ஒழிக்க முடியாது.

2025 பிப்ரவரியில் மியாவாடிக்குப் போகும் மின்சாரத்தைத் தாய்லாந்து துண்டித்தது. நெருக்கடி முற்றவே, ஆயிரக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டனர். மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்களில் 549 பேர் நாடு திரும்பினர்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டு வேலையா? ஏஜென்ட் அரசின் 'இ-மைக்ரேட்' தளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். சட்டத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று கிடையாது. பணம் போனால், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.