கண் மூடும் கணமும் கை எட்டும் பொத்தானும்

தானியங்கி இயந்திரங்கள் ஓடும் ஆலைகளில், ஆபத்தான பகுதிக்குள் மனிதர் கை வைப்பதைத் தடுப்பதற்கு இரும்பு வேலி நிற்க இயலாத இடங்களில் நிறுத்தப்படுவது ஒளித்திரை ஆகும். ஒரு தூணிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்கள் எதிர்த்தூணை வந்தடைந்துகொண்டிருக்கும் வரையில்தான் இயந்திரத்துக்கு ஓட அனுமதி உண்டு. விரலோ கையோ குறுக்கிட்டு ஒரே ஒரு கதிர் மறைந்தாலும் அந்த அனுமதி அறுபட்டு இயந்திரம் நின்றுவிடும். கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீளக்கூடும் என்று ஐ.எஸ்.ஓ. 13855 தரநிலை கொள்வதால், அச்சுகளுக்கிடையே உலோகத்தை அழுத்தி உருவாக்கும், நின்று முடிய 0.2 நொடி எடுத்துக்கொள்ளும் ஒரு பவர் பிரஸ்ஸில், திரை ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டராவது விலகி நிற்க வேண்டும்.

இவ்வளவு கூர்மையான திரைக்கும் ஆளையும் பொருளையும் பிரித்தறியத் தெரியாது. பெட்டிகளை அடுக்கித் தரும் இயந்திரத்திலிருந்து பேலட் எனப்படும் சுமைத்தட்டு கன்வேயரில் வெளியேறும் ஒவ்வொரு முறையும் திரை அதை மனிதராகவே எண்ணி ஓட்டத்தை நிறுத்திவிடும். இதற்குத் தீர்வாக வந்ததே மியூட்டிங். அதாவது, ஒரு பாதுகாப்புச் செயலை, வரையறுத்த சிறுபொழுதுக்கு மட்டும், கட்டுப்பாட்டு அமைப்பே தானாக இடைநிறுத்திவைப்பது. வாயிலுக்கு முன்னே, ஒன்றையொன்று சாராத இரண்டு சென்சார்களாவது குறித்த சில நொடிகளுக்குள் பேலட்டை உணர்ந்தால்தான் திரை ஓய்கிறது. அவற்றின் கதிர்கள் குறுக்காக அமைக்கப்படும்போது, அவை வெட்டிக்கொள்ளும் புள்ளி திரைக்கு அப்பால், ஆபத்துப் பகுதியின் பக்கமே விழ வேண்டும். அப்போதுதான் நடந்து வருபவரின் உடல், திரையைத் தொடும் முன் இரண்டையும் ஒருசேர மறைத்து இயந்திரத்தை ஏமாற்றிவிடாது. பவர் பிரஸ்ஸில் இதே ஏற்பாடு வேறு வகையில் அமைகிறது: மேலச்சு எழும்பிச் செல்லும் பொழுது நசுக்கும் ஆபத்து இல்லாததால், அந்தப் பொழுதுக்கு மட்டும் திரை ஓய்ந்திருக்கலாம்.

திரை ஓய்ந்திருக்கும் அந்தக் கணத்தில் மனிதருக்கு எஞ்சியிருப்பது, மஞ்சள் பின்னணியில் சிவப்பு நிறக் காளான் போலப் புடைத்து நிற்கும் அவசர நிறுத்தப் பொத்தான் ஒன்றே. இயந்திரம் எந்த நிலையில் ஓடினாலும் அது வேலை செய்ய வேண்டும், மற்ற எல்லாக் கட்டளைகளையும் அது மீற வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 13850 தரநிலை வகுத்திருக்கிறது. விதி எளிது, பிழை நேர்வது கம்பி இணைப்பில். ரிலே எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகள் கொண்டு அமைத்த பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியில் பொத்தான், ஒளித்திரை, கதவுச் சுவிட்ச் ஆகியவற்றின் தொடுப்புகள் சங்கிலிபோலத் தொடராக இணைந்திருக்கும். எந்தக் கண்ணி அறுந்தாலும் மின்னோட்டம் நிற்கும். மியூட்டிங் தொடுப்பு, ஒளித்திரை என்னும் ஒரு கண்ணிக்கு மட்டுமே இணையாக அமைய வேண்டும். அந்தக் கம்பி ஒரு முனை தள்ளி இணைக்கப்பட்டு, பொத்தானையும் சேர்த்துத் தாண்டிவிட்டால், திரை உறங்கும் அதே நேரத்தில் பொத்தானும் செத்துவிடுகிறது. கணினி நிரலால் இயங்கும் இன்றைய பாதுகாப்புக் கட்டுப்படுத்திகளிலும், தர்க்கத்தை வகுப்பவர் தவறினால், இதே பிழை வேறு உருவில் நுழையும்.

இப்பிழையின் உண்மையான கொடுமை அது தன்னை மறைத்துக்கொள்வதில் இருக்கிறது. பேலட் எதுவும் கடக்காத நேரத்தில் பொத்தானைச் சோதித்தால் இயந்திரம் ஒழுங்காகவே நிற்கும். பதிவேட்டில் சரி என்று குறிக்கப்படும். ஆபத்து அப்படியே இருக்கும்.

பொத்தான் அழுத்தப்பட்டதும் நடைபெறுவதும் கவனத்துக்குரியது. அழுத்திய பொத்தான் பூட்டிக்கொள்ள வேண்டும். அதைத் திருப்பி விடுவித்த மாத்திரத்தில் இயந்திரம் தானே ஓடத் தொடங்கக் கூடாது. நடுவழியில் நின்ற பேலட் திரையை மறைத்தபடி இருந்தால், வாயில் முழுவதும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று, அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் கன்வேயரை நகர்த்தும் தனிச் சுவிட்ச் கொண்டே அதை வெளியேற்ற வேண்டும். அப்போதும் அவசர நிறுத்தத்தின் அதிகாரம் குறையலாகாது.

பொத்தான் இருக்கிறதே என்று திரையைத் தளர்த்துவதும் தவறே. யாரேனும் ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, கை நீட்டி அழுத்தினால்தான் அது பயன்படும்; திரைக்கு அந்தத் தாமதம் இல்லை. ஆகவேதான் தரநிலைகள் பொத்தானைத் துணைப் பாதுகாப்பாகவே மதிக்கின்றன. துணையானாலும் விலக்கத்தக்கதன்று: ஓடும் இயந்திரங்களின் மின்சக்தியை நெருக்கடியில் துண்டிக்கும் சாதனம் ஒவ்வொரு பணியறையிலும் இருக்க வேண்டும் என்று இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 24ஆம் பிரிவில் விதித்தது.

எனவே பராமரிப்புப் பொறுப்பில் உள்ளோர், ஆபத்துப் பகுதியில் எவரும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, திரை ஓய்ந்திருப்பதைக் காட்டும் மியூட்டிங் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே ஒவ்வோர் அவசர நிறுத்தப் பொத்தானையும் அழுத்தி, இயந்திரம் நிற்பதைக் கண்ணால் கண்ட பிறகே பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும்.