கேட்கப்படுவோர் யார்?
பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு குறித்து ஒரு விளக்கம்

உலக வணிகத் துறையில் இன்று பெரிதும் வழங்கிவரும் சொற்றொடர்கள் இரண்டு. 'நிறுவனக் குடிமை' என்பது ஒன்று. 'நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு' என்பது மற்றொன்று. தனிமனிதன் ஒரு நாட்டின் குடிமகனாக இருந்து உரிமைகளை அனுபவித்துக் கடமைகளை ஆற்றுவதுபோல, வணிக நிறுவனமும் தான் இயங்கும் சமூகத்தின் நற்குடியாக ஒழுக வேண்டும் என்பதே இவற்றின் கருத்து. பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், கட்டித் தந்த பள்ளிக்கூடங்களும் நட்டு வளர்த்த மரங்களும் வண்ணப் படங்களாகக் காட்சியளிக்கின்றன. அவை நற்பணிகளே, ஐயமில்லை. ஆயினும், 'பொறுப்பு' என்னும் சொல்லின் முழுப்பொருளும் அவற்றில் அடங்கிவிடுகிறதா என்பதை நாம் ஆராய வேண்டியுள்ளது.

சொல்லும் பொருளும்

தமிழில் 'பொறுப்பு' என்பது 'பொறு' என்னும் அடியிலிருந்து பிறந்தது. பொறுத்தல் என்றால் பாரத்தைத் தாங்குதல். அரபு மொழியில் பொறுப்பை 'மஸ்ஊலிய்யா' என்பர். 'ஸஅல' என்றால் கேட்டான். 'மஸ்ஊல்' என்றால் கேட்கப்படுபவன். ஆகவே, பொறுப்பாளன் என்போன் பிறர் கேட்கும் கேள்விக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவன் ஆவான். ஒரு மொழி பாரத்தைச் சுட்டுகிறது. மற்றொரு மொழி வினாவைச் சுட்டுகிறது. இரண்டையும் இணைத்துப் பார்த்தால் இத்துறையை அளக்க உதவும் மூன்று வினாக்கள் நமக்குக் கிடைக்கின்றன. பாரத்தைத் தாங்குவோர் யார்? கேள்வி கேட்கும் தகுதி யாருக்கு உண்டு? விடை வராவிடில் அதன் விளைவு என்ன?

சட்டம் படைத்த ஆள்

நிறுவனம் என்பது சட்டம் படைத்த ஓர் ஆள். உரிமையாளர் வேறு, நிறுவனம் வேறு என்னும் கோட்பாட்டைப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1896ஆம் ஆண்டு சாலமன் வழக்கில் உறுதிப்படுத்தியது. நிறுவனம் நொடித்தாலும் பங்குதாரர் தாம் இட்ட முதலுக்கு மேல் இழக்க வேண்டியதில்லை. பெருந்தொழில்கள் தோன்ற இவ்வேற்பாடு துணைபுரிந்தது உண்மை. ஆனால் ஆதாயம் ஓரிடத்திலும் அபாயம் வேறோரிடத்திலும் சென்று சேரும் வாய்ப்பையும் இதுவே உண்டாக்கியது.

இதன் விளைவு புதியதன்று. நம் முன்னோர் 'கும்பினி' என்றழைத்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1600ஆம் ஆண்டின் கடைசி நாளில் அரச சாசனம் பெற்று வணிகத்தில் இறங்கிப் பின்னர் நாடாளும் அதிகாரத்தையும் அடைந்தது. 1770ஆம் ஆண்டின் வங்காளப் பெரும் பஞ்சத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதும் அது வரி வசூலில் கண்டிப்புக் காட்டியது. பஞ்சத்தில் வாடியவர்கள் வங்கத்தில் இருந்தார்கள். கேள்வி கேட்கும் தகுதி பெற்ற பங்குதாரர்கள் இலண்டனில் இருந்தார்கள்.

இருவேறு கொள்கைகள்

வணிகர்களின் சமூகப் பொறுப்பு குறித்து அமெரிக்கப் பொருளியலறிஞர் ஹோவர்ட் போவன் 1953இல் ஒரு நூல் வெளியிட்டார். இத்துறைக்கு அடிகோலிய நூலாக அது கருதப்படுகிறது. அதற்கு மாறாக மில்டன் ஃபிரீட்மன் 1970இல் எழுதிய கட்டுரையில், சட்டத்துக்கும் பொது ஒழுக்கத்துக்கும் உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் பொறுப்பு என்று வாதிட்டார். மேலாளர் அறம் செய்ய விரும்பினால் தம் சொந்தப் பணத்தில் செய்யட்டும். பங்குதாரரின் பணத்தை எடுத்து வழங்க அவருக்கு என்ன உரிமை என்பது அவருடைய வாதம்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எனினும், அது தாக்குவது கொடையைத்தான், கடனையன்று. ஒருவர் பிறருக்கு விளைவித்த சேதத்தை ஈடுசெய்வது கொடையாகாது. கூலி, பாதுகாப்பு, கழிவைச் சுத்திகரிக்கும் செலவு ஆகியவை இலாபம் கணக்கிடப்படும் முன்னரே கழிக்கப்பட வேண்டியவை. அவற்றைக் கழிக்காமல் வந்த தொகை பங்குதாரருக்கு முழுவதும் உரிய இலாபமும் ஆகாது. அரபியில் 'ஸதகா' வேறு, 'ஹக்' வேறு. ஸதகா வழங்குபவரின் மனத்தைப் பொறுத்தது. ஹக் பெறுபவரின் உரிமையைப் பொறுத்தது. நிறுவனப் பொறுப்பைப் பற்றிய குழப்பங்களுக்கெல்லாம் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே காரணம் எனலாம்.

சாவர் தந்த பாடம்

இவ்வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி, வங்காளதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நிகழ்ந்தது. ரானா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் காலை வேளையில் இடிந்து விழுந்தது. 1,134 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 2,500 பேர் காயமுற்றனர். அக்கட்டடத்தில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் இயங்கின. மேல்மாடிகள் உரிய அனுமதியின்றி எழுப்பப்பட்டிருந்தன. கனத்த மின்னாக்கிகளும் மேலே நிறுவப்பட்டிருந்தன.

முதல் நாளே சுவர்களில் வெடிப்புகள் கண்டன. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர் மட்டும் மறுநாள் வேலைக்கு வரும்படி பணிக்கப்பட்டனர். வங்கி ஊழியரின் உயிருக்கும் தையற்காரரின் உயிருக்கும் இடையே இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது? குறித்த நாளில் சரக்கை அனுப்ப வேண்டிய நெருக்கடி ஒரு காரணம். 'நாங்கள் உள்ளே செல்லமாட்டோம்' என்று மறுத்துரைக்கும் வலிமைபெற்ற தொழிற்சங்கம் அங்கு இல்லாதது மற்றொரு காரணம்.

அங்கு ஆடை தைத்து வாங்கிய மேலை நாட்டு நிறுவனங்களிடம் நன்னடத்தை விதிகள் இல்லாமலில்லை. அங்கிருந்த சில தொழிற்கூடங்கள் கொள்முதலாளர்களுக்காக முன்னரே தணிக்கை செய்யப்பட்டுமிருந்தன. இதற்கு முந்திய ஆண்டு செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்னும் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்தொழிற்சாலை சில வாரங்களுக்கு முன்புதான் சமூகப் பொறுப்புக்கான எஸ்ஏ 8000 என்னும் பன்னாட்டுச் சான்றிதழைப் பெற்றிருந்தது. அங்குத் தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும், கம்பியிட்ட சன்னல்களும் பூட்டிய வாயில்களுமே தப்பும் வழியை அடைத்தன. சான்றிதழ் இருந்தது, வாயில் திறந்திருக்கவில்லை.

தணிக்கைக்குக் கட்டணம் செலுத்துவோர் ஆலை உரிமையாளரோ கொள்முதலாளரோ ஆவர். அறிக்கையும் அவர்களுக்கே செல்கிறது. எந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதே தெரியாது. பாரத்தைத் தாங்குபவர் ஒருவர். கேள்வி கேட்பவர் வேறொருவர். குறை இங்குதான் உள்ளது.

நீதிமன்றத்தில் எழுந்த வினா

ரானா பிளாசாவில் பாதிக்கப்பட்டவர்களின் சார்பில், அங்கு ஆடை வாங்கிய ஒரு பெருவணிக நிறுவனத்தின் மீது கனடாவில் வழக்குத் தொடரப்பட்டது. சமூகப் பொறுப்பு விதிகளை வகுத்துத் தணிக்கையும் செய்வித்த நிறுவனத்துக்குத் தொழிலாளரைக் காக்கும் சட்டக் கடமையும் உண்டு என வாதிக்கப்பட்டது. ஒன்டாரியோ மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் இவ்வாதத்தை ஏற்க மறுத்தது. வழக்குக்குப் பொருந்திய வங்காளதேசச் சட்டத்தின்படி, பிறருடைய ஆலையில் உழைப்போருக்காகக் கொள்முதலாளர் அத்தகைய கடமையை ஏற்றவராகார் என்பது முடிவு. தாமாக முன்வந்து அளித்த வாக்குறுதி அறிக்கைகளுக்கு நீதிமன்றத்தில் எவ்வளவு எடை உண்டு என்பதை இதிலிருந்து அறியலாம்.

பாதிக்கப்பட்டோருக்கான உதவி வேறு வழியில் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மேற்பார்வையில் ஒரு நிதியம் அமைக்கப்பட்டது. அதற்குத் தேவைப்பட்ட 3 கோடி டாலர் முழுமையாகச் சேர்ந்தது 2015 ஜூன் மாதத்தில்தான். பங்களிப்பு விருப்பத்துக்கு விடப்பட்டமையால், விதவைகளும் கைகால் இழந்தோரும் இரண்டாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

கையொப்பமும் கட்டுப்பாடும்

விபத்து நிகழ்ந்த சில வாரங்களிலேயே, 2013 மே மாதத்தில், புதுவகையான ஏற்பாடு ஒன்று உருவாயிற்று. வங்காளதேசத் தீத்தடுப்பு, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை என்பது அதன் பெயர். ஒருபுறம் ஆடை வணிக நிறுவனங்களும் மறுபுறம் உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் கையொப்பமிட்டன. சேர்ந்த நிறுவனங்களின் எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. 1,600க்கும் மேற்பட்ட தொழிற்கூடங்கள் இதன் பார்வைக்குள் வந்தன. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பயன்பெற்றனர்.

முந்தைய நன்னடத்தை விதிகளிலிருந்து இது வேறுபட்ட இடங்கள் நான்கு. முதலாவது, ஆய்வறிக்கைகள் அனைவரும் காண வெளியிடப்பட்டன. இரண்டாவது, பழுதுபார்க்கும் செலவு ஆலைக்கு இயலக்கூடியதாக இருக்குமாறு கொள்முதலாளர் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டனர். மூன்றாவது, ஆபத்தான இடத்தில் வேலைசெய்ய மறுக்கும் உரிமை தொழிலாளருக்கு ஏற்கப்பட்டது. நான்காவது, நிறுவனம் வாக்குத் தவறினால் தொழிற்சங்கம் அதை நடுவர் மன்றத்துக்கு இழுக்கலாம். இந்நான்காவது வெறும் ஏட்டளவில் நின்றுவிடவில்லை. ஹேக் நகரிலுள்ள நிரந்தர நடுவர் நீதிமன்றத்தில் தொழிற்சங்கங்கள் தொடுத்த வழக்குகளில் ஒன்று, 2018 சனவரியில் 23 இலட்சம் டாலர் செலுத்தும் சமரசத்தில் முடிந்தது.

இத்தகைய கட்டுப்பாடு விதித்தால் வணிகம் வேறு நாட்டுக்கு ஓடிவிடும். ஏழைகளே நட்டப்படுவர் என அஞ்சியோரும் உண்டு. அந்த அச்சம் நேர்மையானதே. ஆனால் 2012-13 நிதியாண்டில் ஏறத்தாழ 2,150 கோடி டாலராக இருந்த அந்நாட்டின் ஆயத்த ஆடை ஏற்றுமதி, 2018-19இல் ஏறத்தாழ 3,400 கோடி டாலரை எட்டியது. உடன்படிக்கைதான் இவ்வளர்ச்சிக்குக் காரணம் என நாம் கூறவில்லை. அது வளர்ச்சியைத் தடுக்கவில்லை என்றே கூறுகிறோம். ஆய்வுப் பணி 2020இல் ஆலை உரிமையாளரும் இடம்பெறும் உள்நாட்டு மன்றம் ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. 2021இல் உருவான பன்னாட்டு உடன்படிக்கை பின்னர்ப் பாகிஸ்தானுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

விலையில் மறைந்திருக்கும் பொறுப்பு

இவ்வெற்றிக்கும் எல்லை உண்டு. கட்டடம் வலுப்பெற்றது; கூலி அதே வேகத்தில் உயரவில்லை. 2013 இறுதியில் மாதம் 5,300 டாக்கா என நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம், 2018இல் 8,000 ஆகவும் 2023இல் 12,500 ஆகவும் ஆயிற்று. இறுதி நிர்ணயத்தின்போது தொழிற்சங்கங்கள் கேட்ட தொகை 23,000.

2020இல் கொள்ளைநோய் பரவியபோது, உலகக் கொள்முதலாளர்கள் ஏறத்தாழ 300 கோடி டாலர் பெறுமான ஆணைகளை இரத்துச் செய்தனர் அல்லது நிறுத்திவைத்தனர் என அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் தெரிவித்தது. தைத்து முடிந்த சரக்குக்கும் பணம் மறுக்கப்பட்டது. கண்டனங்கள் எழுந்த பின்னரே பலர் செலுத்த இசைந்தனர். அவர்களுள் சமூகப் பொறுப்பு அறிக்கை வெளியிட்டோரும் இருந்தனர். ஆகவே, ஒரு நிறுவனத்தின் பொறுப்பை அறிய அதன் அறநிலையப் பிரிவைப் பார்ப்பதைவிடக் கொள்முதல் பிரிவைப் பார்ப்பதே தக்கது. பேசும் விலை, தரும் கெடு, பணம் கொடுக்கும் நாள் ஆகியவற்றில்தான் பொறுப்பு உறைந்திருக்கிறது.

சட்டத்தின் போக்கு

கோஃபி அன்னான் 1999இல் முன்மொழிந்து 2000இல் தொடங்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் உலக உடன்பாடு, நிறுவனங்களின் விருப்பத்தையே நம்பியிருந்தது. ஜான் ரக்கி வகுத்து 2011இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகள், அரசு காக்க வேண்டும், நிறுவனம் மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் பரிகாரம் பெற வேண்டும் என மூன்று தூண்களை நாட்டின. பிரான்சு 2017இல் விழிப்புக் கடமைச் சட்டத்தை இயற்றியது. செருமனியின் வழங்கல் சங்கிலிச் சட்டம் 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய நெறியாணையின் நடைமுறை, அடுத்த ஆண்டே தள்ளிவைக்கப்பட்டது. விருப்பத்திலிருந்து கடமைக்குச் செல்லும் பாதை ஒரே சீராக அமையவில்லை என்பது தெளிவு.

இந்தியா வேறொரு வழியை மேற்கொண்டது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. தம் ஊழியருக்குப் பயன்தரும் செலவை இக்கணக்கில் சேர்க்க விதிகள் இடந்தருவதில்லை. இது முறையானதே, ஊழியருக்குரியது முன்னரே கொடுபட வேண்டிய கடன் அன்றோ! ஆனால் இப்பிரிவு இலாபத்தில் ஒரு பகுதி எவ்வாறு செலவாயிற்று என்று கேட்கிறதேயன்றி, அவ்விலாபம் எவ்வாறு வந்தது என்று கேட்பதில்லை.

அந்த இரண்டாவது வினாவை எழுப்பிய உடன்படிக்கை ஒன்று நம் மாநிலத்திலேயே உருவானது. திண்டுக்கல் பகுதியில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் பணிபுரிந்த இளம்பெண் ஒருவர் 2021இல் கொலையுண்டார். அதையடுத்துப் பாலியல் துன்புறுத்தலை ஒழிக்க, பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்னும் தொழிற்சங்கம், ஆலை நிறுவனத்துடனும் வெளிநாட்டுக் கொள்முதலாளர்களுடனும் 2022இல் கட்டுப்படுத்தும் உடன்பாடுகளைச் செய்துகொண்டது. கேள்வி கேட்கும் தகுதி இங்கு ஆலையினுள் இருப்பவருக்கே வழங்கப்பட்டது.

நிறைவாக

வணிகமும் தொழிலும் நடத்துவோர் நம் வாசகர்களில் பலர். பங்குகள் வைத்திருப்போரும் உண்டு. ஆடை வாங்காதோர் எவருமில்லை. ஒரு நிறுவனத்தின் நற்பணிகளைப் பாராட்டும்போதே சில வினாக்களையும் எழுப்புவது நம் அனைவருக்கும் இயலும். தன் சரக்கைச் செய்து தரும் ஆலைகளின் பட்டியலை அது வெளியிட்டுள்ளதா? கொடுக்கும் விலையில் பாதுகாப்பின் செலவு அடங்கியுள்ளதா? அங்கு உழைப்பவர் அச்சமின்றி முறையிட வழியுண்டா? முறையிட்டால் விடைசொல்லக் கட்டுப்பட்டவர் யார்?

சாவரில் அன்று காலை படியேறியவர்களுக்கும் சுவரில் வெடிப்பு இருப்பது தெரிந்தே இருந்தது. அவர்களிடம் அறிவு இருந்தது. கேட்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரத்தை அவர்கள் கையில் அளிக்காத எந்த ஏற்பாட்டையும் பொறுப்பு என்று அழைப்பது பொருந்தாது.