மருத்துவ மாணவருக்கு மூலிகை தெரியுமா?

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக் கிழங்கு பயிரிடும் விவசாயிக்கு, விதை என்ன விலை போகிறது என்பது அத்துப்படி. அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின், ‘கௌட்’ என்னும் மூட்டு வீக்கத்துக்கு மாத்திரையாகிறது என்பது எம்.பி.பி.எஸ். மாணவருக்கு அத்துப்படி. நித்யகல்யாணியும் அப்படித்தான். அதிலிருந்து வரும் வின்கிரிஸ்டின், ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. சென்னா என்று வியாபாரிகள் வாங்கும் நிலவாகை, மலச்சிக்கல் மாத்திரையாகிறது.

ஆக, மருத்துவ மாணவர் மூலிகையைப் படிக்காமல் இல்லை. மருந்தியல் பாடத்தில் செடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்தாகப் படிக்கிறார். சட்ட மருத்துவப் பாடத்தில் அரளி விதை, ஒடுவந்தழை, கண்வலிக் கிழங்கு எல்லாம் விஷமாக வருகின்றன. இவற்றைத் தின்று உயிருக்குப் போராடுபவர்களை வார்டிலும் பார்க்கிறார். நாம் வீட்டில் காய்ச்சும் கஷாயம் மட்டும் பாடத்தில் பெரிதாக இடம்பெறுவதில்லை. ‘பச்சிலை சாப்பிட்டேன்’ என்றதும் சில இளம் டாக்டர்கள் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலைமை கொஞ்சம் மாறி வருகிறது. 2021-ல் வந்த விதிகளின்படி, ஓராண்டு பயிற்சிக் காலத்தில் ஒரு வாரம் சித்தா, ஆயுர்வேதம் போன்ற இந்திய மருத்துவ முறை ஒன்றில் பயிற்சி பெற வேண்டும். தமிழகத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருப்பதால், கீழாநெல்லியையும் தூதுவளையையும் வீட்டுக் கொல்லையில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அதிகமாக டாக்டருக்குப் படிக்கிறார்கள்.

ஆனால், டாக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. ஆபத்து இதில்தான் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையோடு சிறுகுறிஞ்சான் பொடியும் சேர்ந்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். அதிமதுரத்தைத் தொடர்ந்து அதிகமாகச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். விஷயம் தெரியாத டாக்டர், மாத்திரை அளவை மாற்றிக்கொண்டே இருப்பார்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுப்பது நம் வழக்கம். காமாலை கிருமியாலும் வரும், பித்தக்குழாய் அடைப்பாலும் வரும். அடைப்பு என்றால் இலையால் தீராது. எதனால் வந்தது என்று முதலில் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்து பார்த்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது...

* எந்த மூலிகை, எவ்வளவு, எத்தனை நாளாக என்பதை நீங்களே முந்திச் சொல்லுங்கள். பொடி, லேகியம் என்றால் டப்பாவையே எடுத்துப் போங்கள்.
* டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.
* மூலிகை மருந்துதான் வேண்டும் என்றால், அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் பட்டம் பெற்ற மருத்துவரைப் பாருங்கள்.
* யாராவது தெரியாமல் விஷச்செடியைத் தின்றுவிட்டால், கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள். செடியின் ஒரு துண்டையும் கையோடு கொண்டு போங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை மருத்துவம் படிக்கிறதா? விடுமுறைக்கு வரும்போது வரப்புக்கு அழைத்துப் போய், நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு செடியையும் காட்டுங்கள். அதன் அளவையும் ஆபத்தையும் அந்தப் பிள்ளையிடம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.