நகைக்கப் பிறந்து நெஞ்சில் நின்ற பாடல்கள்

தமிழ்த் திரைப்படங்களில் நகைச்சுவைப் பாடல் என்பது நெடுங்காலமாக இலையின் ஓரத்தில் வைக்கப்படும் ஊறுகாயைப் போலவே கருதப்பட்டு வந்தது. கதைத் தலைவனும் தலைவியும் பாடும் பாடல்களுக்குப் பண்ணமைப்பிலும் சொல்லமைப்பிலும் தனிக் கவனம் செலுத்தப்பட்டது. நகைச்சுவை நடிகர் பாடுவதோ, அவையோர் சற்றே இளைப்பாறுவதற்காக என ஒதுக்கப்பட்டது. ஆயினும் காலம் இவ்வரிசையைப் பல இடங்களில் மாற்றி வைத்திருக்கின்றது. கதை மறந்து போன படங்கள் பல. ஆனால் அவற்றில் வேடிக்கைக்கென்று செருகப்பட்ட பாடல் மட்டும் இன்னும் மக்கள் வாயில் வாழ்கின்றது. சிரித்து விட்டு மறந்துவிட வேண்டிய பாட்டை மக்கள் நெஞ்சில் வைத்துப் போற்றத் தொடங்கியது ஏன்? காரைக்குடிச் சீமையோடு தொடர்புடைய சில பாடல்களைக் கொண்டு இவ்வினாவை ஆராய முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து நகையை முதலிலும் அழுகையை அதற்கடுத்தும் வைத்துள்ளார். உரையாசிரியர்கள் இவ்வரிசைக்குத் தத்தம் நோக்கில் காரணம் கூறுவர். நமக்கு வேண்டுவது ஒன்றே: நகைக்கும் அழுகைக்கும் இடையே வேறொரு மெய்ப்பாடும் இல்லை. மேலும், நகை தோன்றும் நிலைக்களன்களுள் பிறரை எள்ளுதலோடு பேதைமையையும் அவர் சேர்த்திருக்கின்றார். அறியாதவன் ஒருவனைக் கண்டு சிரிக்கிறோம். சிரித்து முடிப்பதற்குள் அவ்வறியாமை நம்முடையதாகவும் தோன்றி விடுகின்றது. இக்கட்டுரைக்கு உரிய பாடல்கள் அனைத்தும் இந்த இடைவழியில் நிற்பவையே.

இது திரைப்படம் கண்டுபிடித்த புதுமையன்று. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நொண்டி நாடகம் என்னும் சிற்றிலக்கிய வகை தமிழகத்தில் செழித்திருந்தது. காமத்தால் பொருளிழந்து, குதிரை திருடப் போய், கை கால் வெட்டுண்ட கள்வன் ஒருவன் மேடையில் நொண்டிக் கொண்டே தன் கதையைத் தானே பாடுவதாக அமைவது அது. காண்போர் முதலில் அவன் நடையைக் கண்டு நகைத்திருப்பர். முடிவிலோ அவன் திருந்தி நலம் பெறுவான். கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் போற்றிய புலவர் ஒருவர் இவ்வகையையே தேர்ந்து சீதக்காதி நொண்டி நாடகத்தைப் பாடினார். கோவையும் உலாவும் போல மதிப்பு மிக்க வடிவங்கள் இருக்க, ஒரு பெருவள்ளலின் புகழைப் பாட வேடிக்கை வடிவம் ஒன்றைப் புலவர் எடுத்தது சிந்திக்கத் தக்கது. இந்நாடகங்களின் நடையிலிருந்தே நொண்டிச் சிந்து என்னும் யாப்பு பெயர் பெற்றது. பின்னாளில் பாரதியார் நாட்டு மக்களின் நிலை கண்டு நெஞ்சுருகிப் பாடிய ‘பாரத ஜனங்களின் தற்கால நிலைமை’ அச்சிந்திலேயே அமைந்துள்ளது. கள்வன் நொண்டிய தாளம் ஒரு தேசத்தின் கண்ணீரைச் சுமந்தது!

மேடையிலிருந்து திரைக்கு வருவோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தைக் காலட்சேபமாகக் கேட்டுப் பழகிய மக்களுக்குக் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ‘கிந்தனார்’ காலட்சேபத்தை வழங்கினார். உடுமலை நாராயண கவி இயற்றிய அது, 1949-இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்திலும் இடம்பெற்றது. பாகவதரைப் போன்ற தோற்றம், பக்கவாத்தியம், இடையிடையே விளக்கவுரை எனப் பழைய முறை முழுவதையும் அப்படியே வைத்துக் கொண்டு, நந்தன் இருந்த இடத்தில் கிந்தனை அமர்த்தினார். நந்தன் தில்லைக்கு ஏங்கினான்; கிந்தன் பள்ளிக்கூடத்திற்கு ஏங்குகிறான். பகடி என்றே அவையோர் கேட்டனர். கலைவாணர் செய்து காட்டிய புகைவண்டியின் ஓசைக்கே கைதட்டினர். ஆனால் தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவனின் கல்வி வேட்கை அந்தச் சிரிப்பின் வழியாகவே அவர்கள் உள்ளத்தில் நுழைந்தது. அதையே சொற்பொழிவாகச் செய்திருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை.

இனி, காரைக்குடி. ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1907-இல் இவ்வூரில் பிறந்தவர். படம் எடுப்பதற்கு முன் இசைத்தட்டு வணிகத்தில் ஈடுபட்டவர். எந்தத் தட்டை மக்கள் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்குகின்றனர் என்பதை வணிகராக அறிந்த ஒருவர் படத் தயாரிப்பாளரானார் என்பதை மறத்தல் கூடாது. போர்க்காலத்தை ஒட்டிக் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் அவர் அமைத்த படப்பிடிப்பு நிலையத்தில்தான், பாரதியாரின் பாடல்கள் ஒலித்த ‘நாம் இருவர்’ (1947) உருவாயிற்று. 1948-இல் நிலையம் சென்னைக்குப் பெயர்ந்தது.

அந்நிறுவனம் 1954-இல் வெளியிட்ட ‘பெண்’ என்னும் படத்தில் திருமணத்தைப் பற்றிய குதூகலப் பாடல் ஒன்று உண்டு. திரையில் வாயசைத்தவர், வீணை இசையில் பெரும்புகழ் ஈட்டிய எஸ். பாலசந்தர். குரல் கொடுத்தவர் ஜே. பி. சந்திரபாபு. இடையிடையே வெடிச்சிரிப்பு கலந்து வரும் அப்பாட்டைக் கேட்டு அன்று சிரிக்காதவர் இருந்திரார். ‘சகோதரி’ (1959) படத்திற்கோ, கதைப்பகுதி எடுத்து முடிந்தபின் சந்திரபாபுவின் நகைச்சுவைக் காட்சிகள் தனியே எடுத்துச் சேர்க்கப்பட்டன. பால்காரராக வந்து அவர் பாடியதே ‘நான் ஒரு முட்டாளுங்க’. இயற்றியவர் கண்ணதாசன், இசை ஆர். சுதர்சனம். ஒட்டுப் போட்ட பகுதியே இன்று படத்தின் அடையாளமாக நிற்கின்றது. தன்னைத் தானே அறிவிலி என்று சபை நடுவே அறிவித்துக் கொள்ளும் ஒருவனைக் கண்டு முதலில் நகைக்கிறோம். ஊரார் பேச்சை நம்பி ஏமாந்த நாள் நமக்கும் உண்டு என்பது இரண்டாம் முறை கேட்கும்போதுதான் நினைவுக்கு வரும். தொல்காப்பியர் சுட்டிய பேதைமை இதுவே.

சந்திரபாபுவின் குரலைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. 1927-இல் தூத்துக்குடியில் பிறந்து, இளமைப் பருவத்தைக் கொழும்பில் கழித்தவர் அவர். மேலை இசையில் நாட்டம் மிக்கவர். ஆல்ப்ஸ் மலை இடையர் குன்றுக்குக் குன்று அழைக்கப் பயன்படுத்திய ‘யோடலிங்’ என்னும் பாடுமுறையைத் தமிழ்ப் பாட்டில் துணிந்து கையாண்டார். அமெரிக்காவில் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1920-களில் அதனைப் பரப்பினார். இந்தியில் கிஷோர் குமார் கையாண்டார். மார்பிலிருந்து எழும் இயல்பான குரல் சட்டென உடைந்து மேலே பொய்க்குரலுக்குத் தாவி, மீண்டும் கீழிறங்குவது அதன் இயல்பு. நம் இசை மரபிலோ குரல் இழையறாமல் ஒழுக வேண்டும்; நடுவில் உடைவது குற்றம். ஆகவே அக்குற்றத்தையே அணியாகச் செய்து காட்டிய பாடகரைக் கேட்டுத் தமிழ்ச் செவி நகைத்தது இயல்பே. ஆனால் மனிதக் குரல் தானாக உடையும் வேளை வேறொன்றும் உண்டன்றோ? துயரம் தொண்டையை அடைக்கும் வேளை அது. வேடிக்கையெனக் கேட்ட அதே உடைவு, பலமுறை கேட்டுப் பழகிய பின், விம்மலுக்கு மிக அண்மையில் நிற்பதைச் செவி கண்டுகொள்கின்றது. நகையும் அழுகையும் அடுத்தடுத்து நிற்பதை இலக்கணம் கூறியது. இக்குரல் அதனைச் செய்து காட்டியது. ‘புதையல்’ (1957) படத்திற்காகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய ‘உனக்காக எல்லாம் உனக்காக’, ‘மரகதம்’ (1959) படத்தில் கே. ஜமுனா ராணியுடன் பாடிய ‘குங்குமப் பூவே’ ஆகியவற்றையும் இந்நோக்கில் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்டு என்றோம், அது முக்கியம். திரையரங்கில் இப்பாடல்கள் காட்சியோடு கலந்திருந்தன. கோமாளி உடை, கால்களின் துள்ளல், முகக்கோணல் ஆகியவையே சிரிப்பின் பெரும்பகுதியைத் தந்தன. அறுபது, எழுபதுகளில் தென்மாவட்டங்களின் வீடுகளில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை இடையறாது ஒலித்தது. பி. எச். அப்துல் ஹமீது போன்ற அறிவிப்பாளர்களின் தமிழைக் கேட்பதற்கென்றே பெட்டியருகில் அமர்ந்தோர் உண்டு. வானொலியில் உடையும் இல்லை, துள்ளலும் இல்லை. காட்சி கழன்று விழுந்தபின் எஞ்சியவை சொல்லும் மெட்டும் குரலும் மட்டுமே. திருமண வீட்டு ஒலிபெருக்கியும் பிற்கால ஒலிநாடாவும் இதே பணியைச் செய்தன. படத்தைப் பாராத தலைமுறைக்கு அவை நகைச்சுவைப் பாடல்கள் என்பதே தெரியாது. நல்ல பாடல்கள் என்பது மட்டுமே தெரியும். கொழும்பில் இசை கேட்டு வளர்ந்த ஒருவரின் குரல் கொழும்பிலிருந்தே செட்டிநாட்டு முற்றங்களுக்கு வான்வழி வந்து சேர்ந்தது ஓர் அழகிய தற்செயல்.

அண்மைக் காலத்தில் இம்முறை தலைகீழாயிற்று. 2011 நவம்பரில் இணையத்தில் வெளியான ‘கொலவெறி’ப் பாடல், ‘3’ என்னும் படம் 2012-இல் வருவதற்கு முன்னரே உலகைச் சுற்றி விட்டது. அதன் கலப்பு மொழியைத் தமிழாசிரியர்கள் கண்டித்ததும், அவ்வாசிரியர்களின் பிள்ளைகளே அதனைப் பாடித் திரிந்ததும் நாம் கண்டவையே. அது சிரிப்பைத் தாண்டி நிற்குமா என்பதைக் கூற இன்னும் சில பத்தாண்டுகள் செல்ல வேண்டும்.

நின்று காட்டிய பாடலுக்குத் தலையாய சான்று 1962-இல் ஏவி. எம். வெளியிட்ட ‘அன்னை’யில் இடம்பெற்ற ‘புத்தியுள்ள மனிதரெல்லாம்’. இசையமைப்பு சுதர்சனம், பாடியவர் சந்திரபாபு. இதனை இயற்றிய கண்ணதாசன், திருப்பத்தூர் வட்டாரத்துச் சிறுகூடல்பட்டியில், சந்திரபாபு பிறந்த அதே 1927-இல் பிறந்தவர். அறிவு வேறு, வெற்றி வேறு. பணம் வேறு, மனம் வேறு என்று சின்னஞ்சிறு சொற்களால் முரண்களை அடுக்கிச் செல்கிறது அப்பாடல். திருக்குறளின் ஊழ் அதிகாரத்தில், செல்வமுடையவர் ஆதலும் தெளிந்த அறிவுடையவர் ஆதலும் இருவேறு இயற்கைகள் என்று வள்ளுவர் வகுத்துரைத்த குறளை (374) மாணவர் படித்திருப்பர். அக்குறளின் பொருளை உரையின்றிப் பாமரர்க்கும் விளங்க வைத்த பாடல் இது என்று கூறின் மிகையாகாது. நீதிநூல் கூறினால் தலையசைப்போம். கோமாளி கூறும்போது சிரிக்கிறோம், சிரித்த பின் வாயடைத்துப் போகிறோம். தமிழ்த்துறையினர் திரைப்பாடல்களைப் பாடமாகக் கொள்ளத் தயங்கிய காலம் கடந்து விட்டது. எனினும், தேர்ந்தெடுக்கும்போது காதலையும் தத்துவத்தையும் எடுத்துக் கொண்டு நகைச்சுவைப் பாடலை வாசலில் நிறுத்தும் வழக்கம் முற்றும் ஒழிந்ததாகத் தெரியவில்லை.

இப்பாடலுக்கு இரண்டாண்டுகள் முன்னர், 1960-இல், கண்ணதாசன் தாமே தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தில் சந்திரபாபுவைக் கதைத் தலைவராக்கினார். படம் வெற்றி பெறவில்லை. அப்பெயருள்ள படம் தமக்குத் தந்த கவலைகளைக் கவிஞரே பின்னாளில் எழுதியிருக்கின்றார். பிறப்பிலும் இறப்பிலும் அழுகையே எனச் சந்திரபாபு உருகிப் பாடிய பாடலும் அப்படத்தில் உண்டு. அதில் மறைப்பு ஏதுமில்லை, வெளிப்படையான சோகம். ‘அன்னை’ப் பாடலில் அச்சோகம் சிரிப்பு முகம் அணிந்து வருகின்றது. அறிவுடையோர் அனைவரும் வெற்றி காண்பதில்லை என்னும் கருத்தை எழுதியவரும் பாடியவரும், ஒரு தோல்வியை இருபுறமும் நின்று சுமந்தவர்கள். சந்திரபாபு 1974 மார்ச் 8-ஆம் நாள், நாற்பத்தாறாம் அகவையில் மறைந்தார். கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். காரைக்குடியில் கவிஞருக்கு மணிமண்டபம் எழுந்துள்ளது.