உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

ஒரு கிலோ உப்புப் பாக்கெட் உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? ரத்தக்கொதிப்புக்காரர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். ஆக, பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். முப்பதே நாளில் காலியானால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது என்று அர்த்தம். கடையில் வாங்கும் ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் தனிக் கணக்கு.

உப்பில் இருக்கும் சோடியம் ரத்தத்தில் கூடினால், அது தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரத்தத்தின் அளவு பெருகி, குழாய்ச் சுவரில் அழுத்தம் ஏறும். மிச்சச் சோடியத்தை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குத் துணை நிற்பது பொட்டாசியம். கீரையிலும் வாழைத்தண்டிலும் வாழைப்பூவிலும் அது நிறைய உண்டு. காவிரிப் படுகையில் கொல்லைக்குப் போனாலே கிடைக்கும் பொருள்கள்.

தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம். அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். இது பெரிய காரியம். ஆனால், “உப்பைக் குறைச்சுக்குங்க ஐயா” என்று திண்ணையில் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. தலையாட்டுபவர் திண்ணையில் இருக்கிறார். குழம்புக்கு உப்புப் போடுபவர் அடுப்படியில் இருக்கிறார். மேலைநாடுகளில் உப்பின் பெரும்பங்கு தொழிற்சாலை உணவிலிருந்து வருகிறது. நம் ஊரில் அது வீட்டுச் சட்டியிலிருந்தே வருகிறது. அதனால்தான் இங்கே சமைப்பவரிடம் பேசினால் பலன் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

என்ன பேசுவது? தஞ்சைப் பக்கத்துப் பழைய சோற்றையே எடுத்துக்கொள்வோம். அரிசியில் சோடியம் அநேகமாக இல்லை. சோற்றைக் கரைக்கும்போது ஒரு கை உப்பு, தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய், மேலே இரண்டு மோர் மிளகாய், சில நாள் கருவாடு: கூடுவது இங்கேதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். சோற்றில் உப்பை விட்டுவிட்டு நார்த்தங்காயை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மறுநாள் அதற்குப் பதில் சின்ன வெங்காயம். கருவாட்டை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, குழம்பில் தனியாக உப்பே போடாமல் இறக்கலாம். எலுமிச்சையும் மிளகும் சேர்த்தால் குறைந்த உப்பு நாக்குக்குத் தெரியாது. சில வாரங்களில் நாக்கே பழகிவிடும். பழைய அளவில் சமைத்தால் அப்போது கரிக்கும்.

இந்துப்பும் கல் உப்பும் இதற்கு மாற்று ஆகாது. இரண்டிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் கலந்த உப்பு வேறு. சீனக் கிராமங்கள் 600-இல் அதைக் கொடுத்துப் பார்த்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில் பக்கவாதம் சுமார் 14 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சில பிரஷர் மாத்திரைகளோடும் ஒத்துவராது. டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.